பார்சலுக்கும் டிப்ஸ் தரணுமா? பில்லில் உள்ள எந்தப் பணம் யாருக்குப் போகிறது?

இரவு எட்டரை மணி. வேளச்சேரியிலோ காந்திபுரத்திலோ ஏதோ ஒரு ஓட்டல் வாசல். கல்லாவில் பணம் கட்டி டோக்கன் வாங்கிய பத்துப் பேர் பார்சல் கவுன்டர் முன்னால் நிற்கிறார்கள். அவர்களுக்கு நடுவே ஹெல்மெட்டைக் கழற்றாத மூன்று டெலிவரி ஊழியர்கள், செல்போனை நீட்டியபடி ஆர்டர் எண்ணைச் சொல்கிறார்கள். கவுன்டருக்கு உள்ளே ஒரே ஒருவர். ஒரு கையில் டோக்கன், இன்னொரு கையில் சட்னிக் கரண்டி.

"அண்ணா, சாம்பார் இன்னொரு கவர் சேர்த்துப் போடுங்க."

"அண்ணா, காரச் சட்னி வெச்சீங்களா?"

"எவ்வளவு நேரம்ணா ஆகும்?"

கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்கும் ஓர் இளைஞர் கடைசியில் தன் பையை வாங்குகிறார். ஒரு நொடி தயங்குகிறார். உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் பில் வரும் தட்டில் இருபது ரூபாய் வைத்துவிட்டு எழுந்திருப்பார். இங்கே என்ன செய்வது? பாக்கெட்டில் சில்லறையும் இல்லை. "தேங்க்ஸ்ணா" என்று சொல்லிவிட்டு பைக்கை நோக்கி நடக்கிறார்.

அந்த ஒரு நொடித் தயக்கம் பலருக்கும் வரும். பார்சலுக்கு டிப்ஸ் தரணுமா, வேண்டாமா?

நேரடியான பதில்: கட்டாயம் இல்லை. சட்டப்படியும் இல்லை, மரபுப்படியும் இல்லை. தராமல் வந்ததற்காக யாரும் குற்ற உணர்ச்சி கொள்ளத் தேவையில்லை. ஆனால், "பார்சல்தானே, அவர் என்ன பெரிசா செஞ்சுட்டார்?" என்பதுதான் காரணம் என்றால், அந்தக் காரணம் தவறு. அவர் நிறையவே செய்கிறார். அதற்கான பணத்தில் ஒரு பகுதியை வாடிக்கையாளர் ஏற்கெனவே கொடுத்தும் விடுகிறார். அது அவரிடம் போய்ச் சேர்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

பார்சல் கட்டுவதில் அப்படி என்ன வேலை?

உட்கார்ந்து சாப்பிடுபவருக்கு சர்வர் தோசையை வைக்கிறார். சட்னி தீர்ந்தால் இன்னொரு முறை ஊற்றுகிறார். ஏதாவது மறந்தால் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளலாம். பார்சலில் இந்த வசதி கிடையாது. வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் பார்க்கும்போது வடகறி இல்லையென்றால் இல்லைதான். அதனால் பார்சல் கட்டுபவர் முதல் முறையிலேயே எல்லாவற்றையும் சரியாக வைத்தாக வேண்டும்.

நாலு பேர் கொண்ட ஒரு குடும்பத்தின் இரவு டிபனையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மசால் தோசை, ஒரு செட் இட்லி, ஒரு பரோட்டா, ஒரு பொங்கல். தோசை நமுத்துப் போகாமல் மடிக்க வேண்டும். பரோட்டாவுக்கு சால்னா தனி. இட்லிக்கும் பொங்கலுக்கும் சாம்பார். தேங்காய்ச் சட்னி, காரச் சட்னி ஆகியவற்றை ஆளுக்கு ஏற்ற அளவில் தனித்தனியாகக் கட்ட வேண்டும். கொதிக்கும் சாம்பாரைச் சிந்தாமல் கட்டுவது ஒரு கைத்திறன். நூலைச் சுற்றி இழுத்து முடிச்சுப் போடும் அந்த இரண்டு நொடி வேகம் ஒரே நாளில் வந்துவிடாது. விரல் சுடும். சுட்டாலும் அடுத்த டோக்கன் காத்திருக்கிறது.

பேக்கிங் பொருட்களும் மாறிவிட்டன. உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள் உட்பட, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. சாம்பார் கவர் எல்லாக் கடைகளிலிருந்தும் காணாமல் போய்விடவில்லை. இருந்தாலும் வாழை இலை, காகித டப்பா, அலுமினிய ஃபாயில் கன்டெய்னர் என்று கைக்கு வரும் பொருட்களின் வகை கூடியிருக்கிறது. எதில் எதை வைத்தால் ஒழுகாது, எதை மேலே வைத்தால் நசுங்காது என்பதெல்லாம் அந்தக் கவுன்டரில் நிற்பவருக்கு அத்துப்படி.

பிரியாணிக் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை மதியம் இது இன்னும் கடுமை. அண்டாவிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு பார்சலிலும் பீஸ் சரியாக விழ வேண்டும். தாள்ச்சா, வெங்காயப் பச்சடி, கத்திரிக்காய் எதையும் விட்டுவிடக் கூடாது. அடுப்புச் சூட்டுக்குப் பக்கத்தில், நின்ற இடத்திலேயே மூன்று மணி நேரம். பணியாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. மதியக் கூட்டத்தில் பார்சல் கவுன்டரில் யாராவது உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது அரிது.

ஆக, "சர்வீஸ் இல்லாததால் டிப்ஸ் இல்லை" என்ற வாதம் நிற்காது. சர்வீஸ் இருக்கிறது. அது மேசையில் நடக்காமல் கவுன்டருக்குப் பின்னால் நடக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியென்றால் அவருக்கு ஏன் டிப்ஸ் கிடைப்பதில்லை?

தமிழ்நாட்டு ஓட்டல்களில் டிப்ஸ் என்பது பெரும்பாலும் மீதிச் சில்லறையிலிருந்து பிறந்த பழக்கம். பில் 180 ரூபாய். வாடிக்கையாளர் 200 ரூபாய் வைக்கிறார். சின்னத் தட்டில் சோம்போடு இருபது ரூபாய் திரும்பி வருகிறது. அதில் பத்தையோ முழுவதையுமோ விட்டுவிட்டு எழுகிறார். சதவீதக் கணக்கு எதுவும் கிடையாது. பணமும் சர்வரும் ஒரே மேசையில் சந்திப்பதால் டிப்ஸ் நடக்கிறது.

பார்சலில் இந்தச் சந்திப்பே இல்லை. பணம் கல்லாவில் கட்டப்படுகிறது. டோக்கன் மட்டும்தான் கவுன்டருக்கு வருகிறது. கட்டிக் கொடுப்பவரின் கை பணத்தையே பார்ப்பதில்லை. வாடிக்கையாளரும் சாப்பாடு எப்படி இருந்தது என்று தெரிவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறார்.

இதற்கு மேல் யு.பி.ஐ. வந்தது. கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்தால் 187 ரூபாய் பில்லுக்குச் சரியாக 187 ரூபாய் போகிறது. மீதி என்ற ஒன்றே இல்லை. டேபிள் சர்வருக்குக்கூட இதனால் வரவு குறைகிறது. பார்சல்காரருக்கு எப்போதாவது கிடைத்துவந்த, "சில்லறையை வெச்சுக்கோங்கண்ணா" என்ற பத்து ரூபாயும் போய்விட்டது. அந்த கியூ.ஆர். கோடு முதலாளியின் கணக்குக்குப் போகிறது. அதில் கூடுதலாக இருபது ரூபாய் போட்டாலும் அது கல்லாவில்தான் சேரும்.

மூன்றாவது மாற்றம் ஆப். ஸ்விக்கி, ஸொமாட்டோவில் ஆர்டர் செய்யும்போது திரையில் டிப்ஸ் கேட்கும் பகுதி வரும். அது உணவைக் கொண்டுவரும் டெலிவரி பார்ட்னருக்கு உரியது. மழையிலும் வெயிலிலும் வண்டி ஓட்டுபவருக்கு அது போவதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால், "ஆப்பில்தான் டிப்ஸ் கொடுத்தாச்சே" என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். உணவைச் சமைத்தவர், கட்டியவர் இருவருக்கும் அதில் பங்கு கிடையாது. ஆப் ஆர்டர் கூடக் கூட, கவுன்டர் ஊழியரின் வேலை கூடுகிறது. முகம் தெரியாத அந்த ஆர்டர்களில் அவருக்கு டிப்ஸ் கிடைக்கும் வாய்ப்பே இல்லை.

பில்லில் எந்த வரி யாருக்கு?

பார்சல் பில்லில் வரும் தொகைகளைப் பலரும் ஒன்றோடு ஒன்று குழப்பிக்கொள்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் குழப்பம் தீரும்.

*ஜி.எஸ்.டி.* - வழக்கமான உணவகங்களில் 5 சதவீதம். உட்கார்ந்து சாப்பிட்டாலும் பார்சல் வாங்கினாலும் அதே வரிதான். இது அரசுக்குப் போகிறது. ஆப் மூலம் ஆர்டர் செய்தால் 2022 ஜனவரி 1 முதல் இந்த வரியை ஆப் நிறுவனமே வசூலித்துக் கட்டுகிறது.

*பார்சல் சார்ஜ்* - டப்பாவுக்கும் பைக்கும் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்று போடப்படுவது. இது கடையின் வருமானம். பேக்கிங் பொருளுக்கான விலை என்பது கடை தரப்பு விளக்கம். பேக் செய்த கைக்கு இதிலிருந்து தனியாக எதுவும் போவதில்லை. "பார்சல் சார்ஜ் கொடுத்துட்டோமே, அதுவே டிப்ஸ்தானே" என்பது தவறான புரிதல்.

*சர்வீஸ் சார்ஜ்* - பெரிய ரெஸ்டாரன்ட்களில் 5 அல்லது 10 சதவீதம் என்று பில்லில் தானாகச் சேர்ந்து வருவது. இதைத்தான் உஷாராகப் பார்க்கணும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, எந்த உணவகமும் சர்வீஸ் சார்ஜைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது. வேறு பெயரில் வசூலிக்கக் கூடாது. கட்டச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. தர மறுப்பவரை உள்ளே விடாமல் தடுக்கவும் கூடாது. உணவக உரிமையாளர் சங்கங்கள் இதை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தன. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து, வழிகாட்டுதல்கள் செல்லும் என்று தீர்ப்பளித்தார். பார்சல் பில்லில் சர்வீஸ் சார்ஜ் இருந்தால் நீக்கச் சொல்லலாம். நீக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

*டிப்ஸ்* - வாடிக்கையாளர் விருப்பப்பட்டு ஊழியருக்குத் தருவது. இது சம்பளத்தின் பகுதி ஆகாது. 2016-ல் ஐ.டி.சி. நிறுவனம் தொடர்பான வருமான வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. வாடிக்கையாளர்கள் கார்டு மூலம் தரும் டிப்ஸை ஓட்டல் வாங்கி ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தாலும், அது முதலாளி தரும் சம்பளம் இல்லை, வாடிக்கையாளரிடமிருந்து வருவது என்பது தீர்ப்பின் சாரம்.

அது வரி பற்றிய தீர்ப்புதான். ஆனால் அதிலுள்ள தர்க்கம் ஓட்டல் முதலாளிகளுக்கும் பொருந்தும். டிப்ஸ் சம்பளம் இல்லையென்றால், "டிப்ஸ் வருது இல்லையா, சம்பளம் இவ்வளவு போதும்" என்று வேலைக்கு ஆள் எடுக்கும்போது பேசுவதும் சரியில்லை. குறைந்தபட்சக் கூலிப் பட்டியலில் ஓட்டல் வேலை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அந்தக் கூலியைத் தர வேண்டியவர் முதலாளி. வாடிக்கையாளர் இல்லை.

டிப்ஸை நம்பிச் சம்பளம் வைத்தால் என்ன ஆகும்? அமெரிக்காவைப் பாருங்கள்

டிப்ஸ் கொடுக்கும் பழக்கம் மெல்லக் கடமையாக மாறினால் கடைசியில் எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஒரு நாடே உதாரணமாக இருக்கிறது.

அமெரிக்காவில் ஒன்றிய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009-லிருந்து அது மாறவில்லை. ஆனால் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகத் தர வேண்டியது மணிக்கு 2.13 டாலர் மட்டுமே. அது 1991-லிருந்து அப்படியே நிற்கிறது. மீதியை வாடிக்கையாளரின் டிப்ஸ் நிரப்ப வேண்டும். டிப்ஸ் போதாமல் போனால் முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கலிஃபோர்னியா, வாஷிங்டன் உள்ளிட்ட 7 மாநிலங்கள் மட்டும் டிப்ஸைக் கழிக்காமல் முழுக் குறைந்தபட்சக் கூலியையும் முதலாளியே தர வேண்டும் என்கின்றன.

இந்த ஏற்பாட்டின் வேர் பழையது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு, விடுதலை பெற்ற கறுப்பின மக்களைக் குறைந்த கூலிக்கு வேலைக்கு வைத்து, மீதியைப் பயணிகளின் டிப்ஸில் சமாளித்துக்கொள்ளச் சொன்ன தொழில்கள் இருந்தன. புல்மன் நிறுவனத்தின் ரயில் பெட்டிகளில் வேலை செய்த போர்ட்டர்கள் இதற்குப் பெயர்பெற்ற உதாரணம். அவர்கள் 1925-ல் தொழிற்சங்கம் தொடங்கி, 1937-ல்தான் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட முடிந்தது. பிறகு 1966-ல் உணவக ஊழியர்களைக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்குள் கொண்டுவந்தபோது, டிப்ஸைக் கூலியில் கழித்துக்கொள்ளும் வழியையும் சட்டமே திறந்துவிட்டது.

பார்சலுக்கு அங்கே டிப்ஸ் பெரிதாகப் பேசப்பட்டது கொரோனா காலத்தில். உள்ளே உட்கார்ந்து சாப்பிட முடியாதபோது, ஊழியர்களுக்கு ஆதரவாகப் பலரும் பார்சலுக்கும் தாராளமாகக் கொடுத்தார்கள். கடைகளிலிருந்த பணம் செலுத்தும் திரைகளும் 18, 20, 25 சதவீதம் என்று பட்டன்களைக் காட்ட ஆரம்பித்தன. கொரோனா போனது, பட்டன் போகவில்லை. ஒரு காபியைக் கையில் வாங்கிக்கொண்டு போகிறவரிடமும் திரை டிப்ஸ் கேட்கிறது.

விளைவு, எரிச்சல். பியூ ஆய்வு மையம் 2023-ல் நடத்திய கருத்துக்கணிப்பில், ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட அதிக இடங்களில் டிப்ஸ் எதிர்பார்க்கப்படுவதாக 72 சதவீத அமெரிக்கர்கள் சொன்னார்கள். உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களுக்குப் போகிறவர்களில் 92 சதவீதம் பேர் எப்போதும் அல்லது பெரும்பாலும் டிப்ஸ் தருவதாகக் கூறினார்கள். மேசைக்கு வந்து பரிமாறாத துரித உணவகங்களில் அதே அளவுக்குத் தருபவர்கள் 12 சதவீதம் மட்டுமே. கேட்கும் இடங்கள் கூடிக்கொண்டே போகின்றன. தரும் மனம் அந்த வேகத்தில் கூடவில்லை. நடுவில் மாட்டிக்கொள்பவர் கவுன்டரில் நிற்கும் ஊழியர்தான். வாடிக்கையாளர் திரையில் "வேண்டாம்" என்று அழுத்துவதை அவர் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும்.

தமிழ்நாட்டு ஓட்டல்களில் அந்தப் பட்டன் இன்னும் பரவலாக வரவில்லை. வந்தால் வரவேற்கத் தேவையில்லை. பார்சலுக்கு இத்தனை சதவீதம் டிப்ஸ் என்ற கணக்கு இங்கே வேரூன்றினால், சம்பளத்தை உயர்த்தாமல் இருக்க அது இன்னொரு சாக்காகும்.

ஏற்கெனவே கொடுத்த பணம் எங்கே?

பார்சல் வாங்குபவர் மேசையைப் பிடிப்பதில்லை. ஏ.சி.யில் அரைமணி நேரம் உட்காருவதில்லை. தட்டு, டம்ளர் கழுவும் வேலை இல்லை. மேசை துடைக்க ஆள் வேண்டாம். இரண்டாம் முறை சாம்பாரும் இல்லை. இருந்தும் தோசைக்குப் பெரும்பாலும் அதே விலைதான். அதற்கு மேல் பார்சல் சார்ஜ். ஆக, மேசைச் சேவைக்கான செலவும் விலைக்குள் இருக்கிறது, வாடிக்கையாளர் அதைக் கொடுத்துவிட்டுத்தான் பையை வாங்குகிறார்.

முதலாளி தரப்பிலும் நியாயம் உண்டு. கடை வாடகை, 19 கிலோ வணிக சிலிண்டர் விலை, எண்ணெய், காய்கறி எல்லாம் ஏறுகின்றன. ஆப் ஆர்டர்களில் கமிஷன் போய்விடுகிறது. நல்ல டப்பா சும்மா கிடைப்பதில்லை. பல கடைகளில் ஊழியர்களுக்குச் சாப்பாடும் தங்க இடமும் தரப்படுகின்றன. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து வேலை செய்பவர்களுக்கு அது பெரிய உதவி.

ஆனால் கமிஷன் இல்லாமல் நேரடியாகக் கடைக்கு வந்து வாங்கும் பார்சலில், மேசைச் செலவு மிச்சமாகிறது. அந்த மிச்சத்தில் ஒரு பங்கு, கட்டிக் கொடுத்தவருக்குச் சேர வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. ஒரு பார்சலுக்கு இரண்டு ரூபாய் என்று கவுன்டர் ஊழியர்களுக்குத் தனிப்படி வைத்தால்கூட, கூட்டம் உள்ள கடையில் மாதக் கடைசியில் அது அவருக்குக் கண்ணில் தெரியும் தொகையாக இருக்கும். எந்த வாடிக்கையாளரின் மனநிலையையும் நம்பியிருக்காத தொகை அது.

டிப்ஸுக்கும் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசமும் இதுதான். டிப்ஸ் மழை மாதிரி, வந்தால் வரும். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக்கட்டணமும் மழையைப் பார்த்துக்கொண்டு காத்திருக்காது.

அப்போ தரவே கூடாதா?

தாராளமாகத் தரலாம். சம்பளம் முதலாளியின் பொறுப்பு என்பது உண்மை. ஆனால் அதைச் சொல்லிக்கொண்டே பத்து ரூபாயைப் பாக்கெட்டில் திரும்பப் போட்டுக்கொள்வதால் யாருடைய சம்பளமும் உயர்ந்துவிடாது. "சிஸ்டம் மாறணும்" என்ற பேச்சைக் கஞ்சத்தனத்துக்குப் போர்வையாக்க வேண்டாம்.

எப்போது தரலாம்? வழக்கத்தைத் தாண்டிய வேலை இருக்கும்போது. அலுவலகப் பார்ட்டிக்கு முப்பது பிரியாணி சொல்லியிருக்கிறீர்கள், அத்தனையையும் பிரித்துக் கட்டி காரில் ஏற்றிக் கொடுக்கிறார். கடை மூடும் நேரத்தில் போய் நிற்கிறீர்கள், முகம் சுளிக்காமல் இரண்டு தோசைக்கு ஏற்பாடு செய்கிறார். காய்ச்சலில் கிடக்கும் அம்மாவுக்குக் காரம் இல்லாமல் ரசம் வேண்டும் என்கிறீர்கள், உள்ளே போய் மாஸ்டரிடம் சொல்லி வாங்கி வருகிறார். ஒரே கடையில் வாரம் நாலு நாள் வாங்குகிறீர்கள், கேட்காமலேயே உங்கள் வீட்டுக்கு எது வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இங்கெல்லாம் தருவது அழகு.

எவ்வளவு? சதவீதம் பார்க்க வேண்டாம். சாதாரண பார்சலுக்குப் பத்து, இருபது ரூபாய். பெரிய ஆர்டருக்கு நூறோ இருநூறோ, கட்டிய ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப. தினமும் பத்து ரூபாய் தருவது சிரமம் என்றால், தீபாவளிக்கோ பொங்கலுக்கோ மொத்தமாக ஒரு தொகை தரலாம். அந்தப் பழக்கம் இந்த ஊருக்குப் புதிதும் இல்லை.

எப்படி? கட்டிக் கொடுத்தவரின் கையில், ரொக்கமாக. கடையின் கியூ.ஆர். கோடில் சேர்த்து அனுப்பினால் அது அவருக்குப் போகும் என்று எந்த உறுதியும் இல்லை. கவுன்டரில் டிப்ஸ் பெட்டி இருந்தால், "இது யாருக்கெல்லாம் பிரியும்ணா?" என்று கேட்டுவிட்டே போடலாம். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. உள்ளே கல்லில் நிற்கும் தோசை மாஸ்டருக்கும் பாத்திரம் கழுவுபவருக்கும் பங்கு உண்டு என்று பதில் வந்தால் இன்னும் நல்லது.

எது கூடாது? முதலிலேயே ஐம்பது ரூபாயை நீட்டி, வரிசையில் நிற்கும் ஆறு பேரைத் தாண்டித் தன் பார்சலை வாங்குவது டிப்ஸ் ஆகாது. அதற்கு வேறு பெயர் இருக்கிறது. அதேபோல, டிப்ஸ் கொடுத்துவிட்ட தைரியத்தில் நாலு கவர் சட்னி கூடுதலாகக் கேட்பதும், "ஏய், சீக்கிரம்" என்று விரல் சொடுக்குவதும் கூடாது. பத்து ரூபாய்க்கு அந்த உரிமை வராது.

கையில் காசு இல்லாதவர்களும் செய்யக்கூடியவை உண்டு. தோசையா ஊத்தப்பமா என்பதைக் கவுன்டரில் நின்று யோசிக்காமல் முன்பே முடிவு செய்துவிட்டுப் போகலாம். ஆர்டரை ஒரே முறையில் தெளிவாகச் சொல்லலாம். வயதில் பெரியவரை "தம்பி" என்று கூப்பிடாமல் இருக்கலாம். கூகுளில் விமர்சனம் எழுதும்போது ருசியோடு, ஒழுகாமல் கட்டித் தந்ததையும் ஒரு வரி எழுதலாம். முதலாளி படிப்பது அதைத்தான். ஆனால் இதெல்லாம் பணத்துக்கு ஈடு என்று நினைத்துவிடக் கூடாது. "தேங்க்ஸ்ணா" வைக் கொடுத்து யாரும் மளிகை வாங்க முடியாது.

கடைசியில் யார் கடன்?

பார்சல் வாங்குபவருக்கு டிப்ஸ் ஒரு கடன் இல்லை. முடிந்தபோது, மனமிருந்தால், உழைப்பைப் பார்த்துத் தரலாம். கடன்பட்டவர் கல்லாவுக்குப் பின்னால் இருக்கிறார். பார்சல் வியாபாரம் பெருகப் பெருக, மேசை டிப்ஸை நம்பிச் சம்பளத்தைக் குறைத்து வைக்கும் பழைய கணக்கு இனி செல்லாது. மேசையே இல்லாத வியாபாரத்தில் மேசை டிப்ஸ் எங்கிருந்து வரும்? கவுன்டர் ஊழியரின் சம்பளம் அந்த உண்மைக்கு ஏற்ப உயர வேண்டும். இல்லையென்றால் வேலை மட்டும் இரட்டிப்பாகும், வரவு பாதியாகும்.

பெரிய போராட்டம் எதுவும் இல்லாமல் வாடிக்கையாளரும் இதில் ஒரு வேலை செய்யலாம். அடுத்த முறை பில்லில் பார்சல் சார்ஜ் பத்து ரூபாய் என்று பார்க்கும்போது, கல்லாவில் இருப்பவரிடம் சாதாரணமாகக் கேட்கலாம்: "சார், இதுல கட்டிக் கொடுக்கிற அண்ணனுக்கு எவ்வளவு போகுது?"

சண்டை வேண்டாம், ஒரு கேள்வி போதும். ஒருவர் கேட்டால் சிரித்துவிட்டு விடுவார்கள். ஒரே மாதத்தில் முப்பது பேர் கேட்டால், பதில் சொல்ல ஏதாவது செய்தாக வேண்டியிருக்கும்.